முட்டுப் பிரிப்பதிலிருந்து பால் காய்ச்சும் வரை: வீட்டு முடிப்பு வேலைகளின் வரிசை

சுவரும் தளமும் ஒரே மேஸ்திரியின் கையில் நடந்த வேலை. தளத்துக்குப் பிறகு எலக்ட்ரீசியன், பிளம்பர், ஆசாரி, பூச்சுக் கொத்தனார், டைல்ஸ்காரர், கிரில் பட்டறைக்காரர், பெயிண்டர் என்று ஏழெட்டுப் பேர் வந்து போவார்கள். ஒருவர் மூடிய சுவரை அடுத்தவர் உடைப்பதில்தான் நாளும் காசும் கரைகின்றன. ஒவ்வொரு வேலையும் அதற்கு முந்தையதை மூடிவிடுவதால், மூடுவதற்குமுன் சோதித்துப் பார்ப்பதை மையமாக வைத்து இந்த வரிசை எழுதப்பட்டுள்ளது.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் கட்டப்படும் 1,200 சதுர அடி தரைத்தள வீட்டை மனதில் வைத்து அளவுகள் சொல்லப்பட்டுள்ளன.

தொடங்கும் முன் முடிவாகியிருக்க வேண்டியவை

வாங்க வேண்டியதில்லை, ஆனால் மாடல் முடிவாகியிருக்க வேண்டும்: வெஸ்டர்ன் டாய்லெட் எந்த வகை, ஷவர் டைவர்ட்டர் (தண்ணியைக் குழாய்க்கும் ஷவருக்கும் திருப்பும் வால்வு) எது, சமையலறை சிங்க் எங்கே, ஏ.சி. எந்தச் சுவரில், சோலார் வாட்டர் ஹீட்டர் உண்டா, வாஷிங் மெஷின் எந்த மூலையில், தரை டைல்ஸ் எத்தனை மி.மீ. கனம். "அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்று தள்ளிய ஒவ்வொன்றும் பூசிய சுவரில் ஒரு காடியாக (பைப் போக வெட்டும் பள்ளமாக) திரும்பி வரும். சுவருக்குள் போகும் டைவர்ட்டரை மட்டும் வாங்கியே வைத்துவிடுங்கள்.

1. முட்டுப் பிரித்தல்

தளத்தைத் தாங்கும் முட்டுகள் கான்கிரீட் போட்டபின் குறைந்தது இத்தனை நாள் நிற்க வேண்டும்: தாங்கலுக்குத் தாங்கல் 15 அடிக்குள் இருக்கும் தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள்; 20 அடி வரையுள்ள உத்திரத்துக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு ஏறத்தாழ இதுதான். இது ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கானது. வீடுகளுக்கு இப்போது அதிகம் இறங்குவது பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்); அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதனால் வீடு முழுக்க 21 நாள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். கேட்காதீர்கள்.

அறைத் தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி முட்டுகளை எடுக்க வேண்டும். சுவரில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் போர்டிகோ, சன்ஷேடுக்கு நுனியிலிருந்து சுவரை நோக்கி. மாற்றி எடுத்தால், கணக்கில் இல்லாத இடத்தில் பாரம் விழுந்து மேல்பக்கம் விரிசல் விடும்.

பலகை இறங்கியதும் தளத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஜல்லி தெரியும் தேன்கூடு, வெளியே தெரியும் கம்பி, சிக்கிய பலகைத் துண்டு எல்லாவற்றையும் இன்ஜினீயரிடம் காட்டிச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை. பூச்சு ஏறிவிட்டால் அவை ஐந்தாறு வருடம் கழித்துத் துருக்கறையாகத்தான் தெரியவரும்.

2. மட்டக்கோடு

ஒரு நாள் வேலை. பலர் தவிர்ப்பதும் இதைத்தான்.

டியூபில் தண்ணீர் நிரப்பி, முடிந்த தரை எங்கே வரும் என்று முடிவுசெய்து, அதிலிருந்து சரியாக 3 அடி உயரத்தில் எல்லா அறைச் சுவர்களிலும் நூல் அடித்துக் கோடு போடுங்கள். இனி சுவிட்ச் பெட்டி, குழாய், சன்னல், சமையல் மேடை எல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்பட வேண்டும். கரடுமுரடான தரையிலிருந்து அளந்தால் அறைக்கு அறை அரை அங்குலம் மாறி, சுவிட்ச் போர்டுகள் படிக்கட்டுபோல் நிற்கும்.

கீழ்க் கான்கிரீட்டிலிருந்து டைல்ஸ் மேல்மட்டம் வரை 2 அங்குலம் விடுங்கள்: டைல்ஸ் 10 மி.மீ., அடிக் கலவை 40 மி.மீ. பாத்ரூம் தரை அறையைவிட முக்கால் அங்குலம், போர்டிகோ ஒரு அங்குலம் தாழ இருக்கட்டும். ஆடி மாதச் சாரல் வீட்டுக்குள் வருவதை இந்த ஒரு அங்குலம்தான் தடுக்கும்.

3. நிலை, சன்னல், கிரில்

நிலை வேம்போ தேக்கோ, சுவரைத் தொடும் முதுகுப் பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் கரையான் மருந்தும் பெயிண்டும் அடித்துவிட்டே நிறுத்துங்கள். செல்லு (கரையான்) பிடிப்பது அந்த வழியாகத்தான். தூக்குக்குண்டு பார்த்தபின் மூலைக்கு மூலை குறுக்களவும் பாருங்கள். நிலை, கட்டின சுவர் முகத்திலிருந்து பூச்சின் கனம் அளவுக்கு வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் பூச்சும் நிலையும் ஒரே முகமாக முடியும்.

கிரில் பூச்சுக்கு முன். யு.பி.வி.சி. சன்னலானால் பூச்சுக்குப் பின் அளவெடுத்துச் செய்வது நல்லது. கதவுப் பலகையைத் தண்ணீர் வேலைகள் முடியும்வரை மாட்டவே கூடாது. ஈரத்தில் பலகை உப்பும், ஆசாரி இழைத்துவிட்டுப் போவார். சித்திரை வெயிலில் இடைவெளி தெரியும்.

4. கரண்டு பைப்

எங்கெங்கே பெட்டி வரும் என்று சுவரில் சாக்கட்டியால் வரைந்து, வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் கூட்டிவந்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மிக்சி, கிரைண்டர், கட்டிலோரம், சாமி அறை விளக்கு, மோட்டார் சுவிட்ச் ஆகியவை இப்படி நடந்து பார்க்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

காடியைக் கட்டிங் மெஷினில் இரண்டு கோடு அறுத்து, நடுவை மட்டும் கொத்தி எடுக்க வேண்டும். சுத்தியால் நேரடியாக அடித்தால் ஹாலோ பிளாக்கின் ஓடு உடைந்து, பெட்டி நிற்கப் பிடிமானம் இருக்காது. 4 அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி எடுப்பது சுவரை இரண்டாக அறுப்பதற்குச் சமம். மேலிருந்து கீழாகத்தான் இறக்க வேண்டும். பைப் மேல் குறைந்தது அரை அங்குலப் பூச்சு நிற்கும்படி ஆழம் இருக்கட்டும். ஆழம் குறைந்த இடமெல்லாம் பைப் போன வழியில் பின்னால் கோடாக விரியும்.

விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., பிரிட்ஜ், மிக்சி போன்ற பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. கம்பி. கம்பியைப் பூச்சு முடிந்தபின் இழுக்கலாம். அதற்கு முன் எல்லாப் பைப்புக்குள்ளும் இழுவைக் கம்பி விட்டுப் பார்த்து, வாயைக் காகிதத்தால் அடைத்துவிடுங்கள். கலவை இறங்கி அடைத்த பைப்பைத் திறக்கச் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

5. தண்ணி லைன்: இரண்டு தண்ணி, இரண்டு வழி

மற்ற ஊர் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் சறுக்கும் இடம் இது. நம் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. சிறுவாணி, பில்லூர், பவானி, காவிரி, ஆழியாறு என்று எந்தத் திட்டத்திலிருந்து வந்தாலும் அது நல்ல தண்ணி. நாள்விட்டு நாளோ வாரக் கணக்கிலோ வரும். போர்த் தண்ணி பெரும்பாலும் சப்பை அல்லது உப்பு. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் நல்ல தண்ணியும் கெட்டது.

ஆகவே நிலத்தடித் தொட்டி இரண்டு, மேல்தொட்டி இரண்டு, லைன் இரண்டு. சமையலறையில் இரண்டு குழாய், மற்ற இடமெல்லாம் போர்த் தண்ணி. நல்ல தண்ணித் தொட்டியின் அளவை இப்படிக் கணக்கிடலாம்: குடிக்க, சமைக்க ஆளுக்கு 25 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு 125 லிட்டர்; உங்கள் பகுதியில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணி வருமானால் 1,250 லிட்டர்; கோடையில் ஒரு முறை தவறும் என்று வைத்து 2,500. ஒரு கனஅடி 28.3 லிட்டர். 5 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி தண்ணி உயரம் என்றால் 2,830 லிட்டர் நிற்கும்.

உப்பு அதிகமுள்ள போர்த் தண்ணியில் கீசரும் சோலாரும் சுண்ணாம்பு படிந்து அடைபடும். சுடுதண்ணி லைனுக்குச் சி.பி.வி.சி. (சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) போதும் என்றாலும், சோலார் தொட்டியிலிருந்து வெளிவரும் முதல் சில அடியை உலோகக் குழாயில் எடுங்கள். வெயிலில் தண்ணி நின்று காயும்போது சி.பி.வி.சி. தாங்கும் 93 டிகிரியை மீறும். லைனை இடையிடையே யூனியன் வைத்துப் பிரிக்கும்படி அமையுங்கள். சுண்ணாம்பு படிந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் தரைக்குள் இறங்கும் எஸ் ட்ராப், சுவருக்குள் போகும் பி ட்ராப் என இரண்டு உண்டு. எஸ் ட்ராப் ஓட்டை சுவரிலிருந்து 9 அல்லது 12 அங்குலத்தில் வரும். அந்த அளவை டைல்ஸ் ஒட்டிய பின் வரும் முகத்திலிருந்து எண்ண வேண்டும். செங்கல் முகத்திலிருந்து அளந்தால் ஒரு அங்குலம் இடிக்கும், டேங்க் உட்காராது. டைவர்ட்டர் ஆழத்துக்கும் இதே விதி. அதன் உடம்பில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடு இருக்கும், டைல்ஸ் முகம் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும்.

காடியை அடைக்கும் முன் எல்லா வாயையும் மூடி, கைப்பம்பால் 7 கிலோ அழுத்தம் ஏற்றி, இரண்டு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒட்டுப் பசை காய ஒரு நாள் விட்டபின் செய்யுங்கள். "தண்ணி விட்டுப் பாத்தாச்சுங்க, ஒழுகல" என்பது சோதனை ஆகாது; மேல்தொட்டி அழுத்தத்தில் நிற்கும் பிசகிய ஒட்டு, பிரஷர் பம்பு மாட்டிய பிறகு விடும். சோதனை முடிந்ததும் காடிகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அதுதான் வரைபடம்.

6. பூச்சு

முதலில் மணல். பூச்சுக்குப் பி சாண்ட் (பூச்சுக்கென்று சலித்த நைசான கிரஷர் மணல்). கான்கிரீட்டுக்கான எம் சாண்ட் அல்ல. சில லோடுகளில் கிரஷர் மாவே அதிகம் இருக்கும். அந்த மாவு தண்ணியை அதிகம் கேட்கும், காயும்போது சுருங்கும், சுவர் முழுக்க வலைபோல் விரிசல் வரும். கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மேலே தண்ணியும் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் மாவு அடுக்கு மணலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் லோடைத் திருப்பிவிடலாம்.

அளவு (சிமெண்ட்:மணல்): மேல்தளத்துக்கு 1:4, கனம் 6 முதல் 8 மி.மீ. உள்சுவருக்கு 1:5, 12 மி.மீ. வெளிச்சுவருக்கு 1:5, இரண்டு பூச்சாக மொத்தம் 20 மி.மீ. உள்சுவரில் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவான சிமெண்டும் 5 முதல் 6 கனஅடி மணலும் ஆகும். மூட்டை இதைவிட மிக அதிகமாகப் போனால் சுவர் கோணல், அந்தக் கோணலைக் கலவை நிரப்புகிறது என்று பொருள்.

வரிசை: கான்கிரீட் தூண், உத்திரம், தளத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றைக் கொத்திவிட்டுச் சொரசொரப்பாக்குங்கள். தூணும் கல்லும் சேரும் இடம், பைப் போன காடி ஆகியவற்றின் மேல் கோழிவலையை இரு பக்கமும் 6 அங்குலம் ஏறும்படி ஆணியடித்து இழுத்துக் கட்டுங்கள். வெயிலில் கான்கிரீட்டும் கல்லும் ஒரே மாதிரி விரிவதில்லை. வலை இல்லாவிட்டால் அந்தச் சேர்க்கையில் நேர்கோடாக வெடிக்கும். செங்கல் சுவரை முந்தைய மாலை நன்றாக நனைக்கலாம். ஹாலோ பிளாக் சுவரை ஊற வைக்காதீர்கள், தெளித்தால் போதும்; ஊறிய பிளாக் காயும்போது சுருங்கி, பூச்சையும் இழுத்துக் கிழிக்கும்.

பிறகு தூக்குக்குண்டு பிடித்து, பூச்சின் கனத்தைக் காட்டும் பொட்டு வைப்பது. முதலில் மேல்தளம், அப்புறம் சுவர், வெளியே என்றால் மேலிருந்து கீழ். டைல்ஸ் வரும் சுவரை வழவழப்பாக்காமல் கீறிவிடச் சொல்லுங்கள். தரையோரம் 4 அங்குலம் பூசாமல் விட்டால் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் சுவரோடு ஒட்டி நிற்கும்.

கவனிக்க வேண்டிய இரண்டு பழக்கங்கள். ஒன்று, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணி ஊற்றிக் கிளறுவது. அப்படிக் கிளறிய கலவையில் பிடிப்பு இருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவுக்கே கலக்க வேண்டும். மற்றொன்று, ஈரமான பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவி மணியாசுக் கட்டையால் தேய்ப்பது. பார்க்க வழுவழுப்பாக இருக்கும். மேல்தோல் மட்டும் கெட்டியாகி மயிரிழை வெடிப்பு விடும்.

அடுத்து, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் எழும் மேகாத்து (மேற்கிலிருந்து வரும் காற்று), ஆனி ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் பகல் முழுக்க அடிக்கும். காலையில் பூசிய மேற்குச் சுவர் மதியத்துக்குள் வெளுத்துவிடும். அந்த மாதங்களில் மேற்கு முகத்தைப் பிற்பகல் கடைசியில் பூசுங்கள், மறுநாள் காலையிலேயே தண்ணி தொடங்குங்கள், முடிந்தால் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். பூச்சுக்குக் குறைந்தது 7 நாள், தினம் மூன்று முறை தண்ணி. கலக்கவும் காட்டவும் உப்புக் குறைந்த தண்ணி வேண்டும்; உப்புத் தண்ணியில் நனைந்த சுவர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, பெயிண்டைத் தள்ளும்.

பத்து நாள் கழித்துச் சாவியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். பொக்கைச் சத்தம் வரும் இடத்தை அப்போதே வட்டம் போட்டு, வெட்டிப் பூச வையுங்கள். கொத்தனாருக்குக் கடைசித் தவணை அதற்கப்புறம்.

7. மொட்டை மாடி

ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். உள்ளே பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரில் இழுக்கும் மாவு) பார்ப்பதற்கும் முன். மேலே ஒழுகினால் கீழே செய்ததெல்லாம் வீண்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவையால் சரிவுப் பட்டை போட்டு, வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட் அடித்து, அதைச் சுவரில் ஒரு அடி ஏற்றுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையிலும் குழாய் வாயிலும்தான். மேலே சுண்ணாம்பு ஜல்லிச் சுருக்கியும் தட்டோடும் போடலாம், கலவை வாட்டமும் வெள்ளைக் கூலிங் டைல்ஸும் போடலாம். எதுவானாலும் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய். குழாயை மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கோ வற்றிய போருக்கோ வடிகட்டி வழியாக இறக்குங்கள்.

8. பாத்ரூம்

தாழ்த்திய தளத்தில் குழாய் துளைத்த இடங்களைச் சுருங்காத கிரவுட்டால் (இடுக்கு அடைக்கும் கலவை) அடைக்க வேண்டும், சாதாரணக் கலவையால் அல்ல. மூலைகளுக்குச் சரிவு கொடுத்து, இரண்டு கோட் வாட்டர் புரூஃபிங். இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காக. ஷவர் பக்கச் சுவரில் 6 அடி, மற்ற சுவரில் ஒரு அடி உயரம்.

காய்ந்ததும் ட்ராப் வாயை அடைத்து, தண்ணி தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளம் இருந்தால் அடிப்பக்கத்தையும், இல்லையென்றால் வெளிச்சுவரையும் பக்கத்து அறைச் சுவரையும் பாருங்கள். இந்தச் சோதனைக்குமுன் ஒரு சட்டிச் செங்கல் துண்டுகூடக் குழிக்குள் விழக்கூடாது. நிரப்பும்போது தூக்கிக் கொட்டினால் கோட் கிழியும். மேலே ஒரு பாதுகாப்புக் கலவைப் படலம் போட்டுவிட்டு நிரப்புங்கள்.

சுவர் டைல்ஸைத் தரையிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாவது வரிசையிலிருந்து மேலே ஒட்டி, தரை டைல்ஸ் முடிந்தபின் கடைசியாகக் கீழ்வரிசை. அப்போது சுவர் டைல்ஸ் தரை டைல்ஸின் மேல் உட்காரும், வழியும் தண்ணி இடுக்கில் இறங்காது. வாட்டம் 8 அடிக்கு ஒன்றரை அங்குலம். வாளியில் தண்ணி ஊற்றிப் பாருங்கள். ட்ராப்புக்குத் தானாக ஓடாமல் துடைப்பத்தால் தள்ள வேண்டியிருந்தால் அது வாட்டமில்லை.

9. தரை டைல்ஸ்

பேஸ்மெண்டுக்குள் கரிசல் மண் நிரப்பியிருந்தால் இந்த வேலையை நிறுத்துங்கள். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். டைல்ஸ் அதோடு ஏறி இறங்கி உடையும். கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணி விட்டு இடித்து, மேலே ஜல்லிக் கான்கிரீட் போட்ட தரையில்தான் டைல்ஸ். போர்டிகோவும் வாசல்படியும் இந்தத் தவறில் முதலில் இறங்கும்.

பெட்டிகளில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இறக்கும்போதே பாருங்கள். தேவையைவிட 7 சதவீதம் சேர்த்து வாங்குங்கள். செராமிக் சுவர் டைல்ஸைக் கலவையில் பதிப்பதானால் ஊறவைக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணியே குடிக்காது, ஊறவைத்துப் பயனில்லை, அதனால்தான் அதற்குப் பசை நல்லது. 20 கிலோ பசை மூட்டை 3 மி.மீ. கனத்தில் சுமார் 50 சதுர அடிக்கு வரும். பசையைப் பல்கரண்டியால் முழுவதும் கோடிழுக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் வெற்றிடத்தின்மேல் சிலிண்டர் விழும் அன்று உடையும். இடையில் 2 மி.மீ. ஸ்பேசர், மறுநாளுக்குப் பிறகு கிரவுட்.

முடிந்த தரையின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிய பாலித்தீன் விரிப்பு போட்டுவிடுங்கள். பெயிண்டரின் ஏணி அதன்மேல்தான் நிற்கப் போகிறது.

10. பட்டி, பெயிண்ட்

பூச்சு முடிந்து 28 நாள் ஆகியிருக்க வேண்டும். ஈரம் போனதா என்று அறிய 2 அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இது இன்னும் தள்ளிப்போகும்.

சிமெண்ட் பட்டியானால் சுவரை லேசாக நனைத்து, இரண்டு கோட், மொத்தம் 2 மி.மீ.க்குள், உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட் இரண்டு கோட். 40 கிலோ மூட்டை இரண்டு கோட்டுக்குச் சுமார் 450 சதுர அடி வரும். கோணல் சுவரைப் பட்டியால் நேராக்கச் சொன்னால் பெயிண்டர் சரியென்பார். கனமான பட்டி இரண்டாவது மழைக்காலத்தில் செதிலாக உதிரும். தேய்க்கும்போது பக்கவாட்டில் பல்பு பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். வெளிச்சுவருக்கு மேகாத்து மாதங்களை விட்டுவிடுங்கள், புழுதி ஈரப் பெயிண்டில் ஒட்டும்.

கடைசிக் கோட்டை மட்டும் நிறுத்திவைத்து, அதற்குள் ஸ்விட்ச், குழாய், கதவு மாட்டும் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

11. மாட்டும் வேலை, இணைப்பு

எர்த் குழி குறைந்தது இரண்டு. நம் பக்கம் நாலடியில் பாறை தட்டும் நிலத்தில் கம்பியை அடித்து இறக்க முடியாது. போர் மெஷின் வைத்துத் துளையிட்டோ ஈரம் தங்கும் இடத்தில் தகடு புதைத்தோ செய்ய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் மாட்டுங்கள், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேலைக்காக வாங்கிய தற்காலிக மின்இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற உடனே விண்ணப்பியுங்கள். மாறும்வரை யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு வரிக்கும் அப்போதே எழுதிக்கொடுத்துவிடலாம்.

12. புண்ணியார்ச்சனை (புதுமனை புகுவிழா) நாள் குறிப்பது

நாளை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடைப்பதுதான் ஈரச் சுவரில் பெயிண்ட் ஏறுவதற்குக் காரணம். பின்னாலிருந்து எண்ணுங்கள். தை முகூர்த்தம் என்றால் மார்கழி கடைசி இரண்டு வாரம் மாட்டும் வேலைக்கும் கழுவித் துடைப்பதற்கும். கார்த்திகை நடுவிலிருந்து பட்டியும் பெயிண்டும். ஐப்பசி கடைசியிலிருந்து தரை டைல்ஸ். அதற்கு முந்தைய நாலு வாரம் சுவர் காய, அந்த இடைவெளியில் பாத்ரூம். புரட்டாசிக்குள் பூச்சும் மொட்டை மாடியும். ஆவணி முதல் பாதியில் நிலை, பைப், லைன். அப்படியானால் தளம் ஆடி முதல் வாரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். ஆவணியில் தளம் போட்டவர்கள் தையை விட்டுவிட்டு வைகாசியில் நாள் பாருங்கள். அதற்குள் குடிவர வேண்டிய கட்டாயம் இருந்தால் பால் காய்ச்சிவிட்டு, உள்சுவரைப் பிரைமரோடு நிறுத்திக்கொண்டு, பெயிண்டைப் பங்குனி வெயிலுக்குத் தள்ளிவையுங்கள்.